பார்ப்பதற்கும் கூலி உண்டு

பலகையின் பெயிண்ட் வாடைகூட இன்னும் போகவில்லை. அதற்குள் அதற்குச் சோதனை வந்துவிட்டது, அதுவும் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் உருவத்தில்.

'வண்டியைப் பார்ப்பதற்கும் கூலி உண்டு. உறவு, நட்பு, பக்கத்து வீடு எல்லோருக்கும் ஒரே விதி' என்று சிவப்பு எழுத்தில் எழுதி, கீழே தொகையையும் போட்டு, ஒர்க்‌ஷாப் வாசலில் அவளே ஏணி போட்டு ஏறி மாட்டியிருந்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் தாழ்வாகத்தான் மாட்டினாள். படிக்காமல் நுழைகிறவர்களுக்கும் நெற்றியில் பதியட்டும் என்பது அவள் எண்ணம்.

அவள் கணவர் மெக்கானிக். கைராசிக்காரர், ஆனால் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். இப்படி ஒருவர் கடை வைத்திருந்தால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? “சும்மா ஒரு பார்வை பாருங்களேன்” என்று வருவார்கள். இவர் பானட்டைத் திறப்பார், அடியில் படுப்பார், எழுந்து வந்து இன்ன பாகம் போய்விட்டது என்று சொல்வார். “அப்படியா, நல்லவேளை” என்று அவர்கள் அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு, மலிவாக மாட்டித் தரும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். காசு கொடுக்க வந்த வாடிக்கையாளரோ உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

போன மாதம் ஒருநாள், துடைத்த ஸ்பேனரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு, பெரிய சர்வீஸ் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்றார் அவர். கடனை வாங்கி, கூரை போட்டு, எண்ணெய்க் கறையோடு பார்த்துப் பார்த்து வளர்த்த கடை. அதை மூடிவிட்டு இந்த மனுஷர் யாரோ ஒருவருக்கு வருகை அட்டை தட்டி உள்ளே போவதா? அந்த ஆத்திரத்தில் எழுதியதுதான் பலகை.

ஆனால் பலகை தொங்கினால் மட்டும் போதாதே. முதலில் வந்த சித்தப்பா அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, “மாஸ்டர் குடுத்தாரா? அவர் குடுத்தா நானும் குடுக்கறேன்” என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அத்தை மகனும் அதையேதான் சொன்னான். மாஸ்டர் என்பது அவள் அண்ணன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். வீட்டுக்கு மூத்தவர், அவர் எந்தப் பக்கம் தலையை ஆட்டுகிறாரோ குடும்பமே அந்தப் பக்கம் ஆட்டும். அவர் கொடுத்தால் எல்லோரும் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் பலகையைக் கழற்றி அடுப்பில் வைக்கவேண்டியதுதான், கடையும் அதன் பின்னாலேயே போய்விடும்.

அந்த மாஸ்டர்தான் இப்போது பயிற்சி வண்டியோடு வந்து, பலகையில் இடித்துக்கொண்டு, நெற்றியைத் தடவியபடியே உள்ளே நுழைந்தார்.

கையில் மூன்று எஸ்டிமேட் வைத்திருந்தார். வண்டியில் ஒரு மாதமாக ஒரு சத்தம் வருகிறதாம். ஒரு கடைக்காரர் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றாராம், இன்னொருவர் கியர்பாக்ஸ் என்றாராம். மூன்றாவது ஆள் சத்தத்தைக் கேட்கவே இல்லை, மாஸ்டரின் சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்து எழுதி, மேலே வரியும் போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

“நீ ஒண்ணும் ரிப்பேர் பண்ண வேணாம் மாப்ள. இந்த மூணு பேர்ல எவன் பொய் சொல்றான்னு மட்டும் பாத்துச் சொல்லு. வெறும் பாக்கறதுதானே.”

மாப்பிள்ளை அதற்குள் ஜாக்கியை எடுக்கக் கிளம்பிவிட்டார். அவள் குறுக்கே வந்து நின்று பலகையைக் காட்டினாள்.

மாஸ்டர் சிரித்தார். அது ஊருக்கு எழுதியது என்றார். ஊரில் நீயும்தான் இருக்கிறாய் என்றாள். கோளாறைச் சரிசெய்தால் கூலி கேள், பார்த்ததற்கெல்லாம் கூலி கேட்பது எந்த ஊர் நியாயம் என்றார் அவர். அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

“உன் ஸ்கூல்ல சேர வர்றவங்களுக்கு முதல் நாள் சோதனை வகுப்புன்னு வெச்சிருக்கியே, அன்னிக்கு என்ன சொல்லிக் குடுக்கற? பக்கத்துல உக்காந்து பாக்கறதுதானே? அதுக்கு மட்டும் எதுக்குக் காசு வாங்கற?”

“அது வேற பாப்பா. அங்க என் உயிருக்கு ஆபத்து இருக்கு.”

நாற்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். “இவர் வண்டிக்கு அடியில படுக்கறாரே, மேல என்ன பூமாலையா தொங்குது?” என்றாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கணக்கிலேயே பேச்சு வெகுநேரம் சுற்றிச் சுற்றி ஓடியது. கடைசியில் மாஸ்டர் ஒரு பந்தயத்துக்கு இறங்கி வந்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கையை வைத்துக் காட்டிவிட்டால் கூலியைக் கொடுத்துவிடுகிறேன். காட்ட முடியாவிட்டால் அந்தப் பலகையை நானே கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு போய்விடுவேன் என்றார். அவள் சரி என்றாள்.

மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். சத்தம் வரவில்லை. வேகத்தடையில் ஏற்றினார், பள்ளத்தில் இறக்கினார், வரவில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைப் பிடித்து உலுக்கினார். நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். இருக்கையைக் கழற்றினால் அடியில் இரண்டு பேனா, ஒரு ஹேர் கிளிப், ஓர் ஒற்றைச் செருப்பு. செருப்பு, பாதி வகுப்பில் இறங்கி ஓடிப்போன ஒருவருடையது என்றார் மாஸ்டர், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல்.

சத்தம் எப்படி இருக்கும், ‘டொக்’ என்றா, ‘கடக்’ என்றா என்று கேட்டார் மெக்கானிக். மாஸ்டர் கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டு “டக்” என்று செய்துகாட்டினார். காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும் என்றார். வகுப்புக்கு வருகிற எல்லோருக்கும் கேட்கிறது, கேட்கிறதா என்று அதட்டிக் கேட்டால் கேட்கிறது சார் என்றுதான் சொல்கிறார்கள் என்றார்.

வெயில் இறங்க ஆரம்பித்தது. மாஸ்டரின் பார்வை சுவரில் சாய்த்துவைத்திருந்த ஏணிப் பக்கம் போய்ப் போய் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அண்ணன் இரக்கப்பட்டுக் காசைக் கொடுத்துவிடுவார், அது அவளுக்குத் தேவையில்லை. இரக்கத்துக்குக் கிடைக்கும் காசு கூலி ஆகாது.

“சத்தம் எப்பல்லாம் வருது, அதைச் சொல்லு முதல்ல” என்றாள்.

“யாராவது கத்துக்குட்டி ஓட்டும்போது.”

“நீ ஓட்டினா?”

“வராது. மாப்ள ஓட்டினாலும் வரலையே.”

அப்படியென்றால் ஒரு கத்துக்குட்டி வேண்டும். மூவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஓட்டத் தெரியாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்கு முன் மாஸ்டர் ஒரே ஒரு நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்று அவள் வண்டியை ஒரு பேக்கரியின் படியில் ஏற்றிவிட்டாள். உனக்கும் ஸ்டியரிங்குக்கும் ஜென்மப் பகை என்று அன்றைக்குக் கைகழுவியவர்தான்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாஸ்டர், காலடியில் அவருக்கென்றே தனி பிரேக். ஆனால் கடைசி நொடி வரை அதை மிதிக்கமாட்டார், அப்போதுதான் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கொள்கை. பின்னால் மெக்கானிக், கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு.

கிளட்சை விட்டதும் வண்டி தவளைபோல் ஒரு தாவு தாவியது.

“கேட்டுச்சா? இதான்!” என்றார் மாஸ்டர்.

தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார் பின்னால் இருந்தவர். இன்ஜின் போட்ட கூச்சலில் என்ன கேட்கும்? ஒர்க்‌ஷாப் முற்றத்துக்குள்ளேயே அவள் வளைத்தாள். தண்ணீர்த் தொட்டி எதிரே வந்தது. டக். இந்தத் தடவை அவளுக்கும் கேட்டது. கீழேயிருந்து வரவில்லை. டயரிலிருந்து இல்லை, கியரிலிருந்து இல்லை, இடப்பக்கம் காதளவு உயரத்தில் வந்தது. பாதையைப் பார்க்காமல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பாதையைப் பார்க்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவருடைய கீழ்த்தாடை ஒரு பக்கம் ஒதுங்கி மறுபடி வந்து உட்கார்ந்தது. டக்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்டியரிங்கை டயர் குவியல் பக்கம் லேசாகத் திருப்பினாள். டக். நேராக்கினாள், சத்தம் நின்றது. மறுபடி திருப்பினாள். டக். இத்தனை ஒழுங்காக வேலை செய்கிற பாகம் அந்த வண்டியில் வேறு எதுவும் இல்லை.

வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். முற்றம் வாசலை நோக்கிக் கொஞ்சம் சரிவு.

“ஏங்க, இப்ப கேளுங்க” என்று சொல்லிவிட்டு, ஹேண்ட்பிரேக்கை மெல்லத் தளர்த்தினாள். வண்டி சத்தமே இல்லாமல் கேட் தூணை நோக்கி உருளத் தொடங்கியது. அந்த அமைதியில், விரலைச் சொடுக்கியது போல, சுத்தமாக ஒரு டக்.

பின் இருக்கையில் இருந்த மெக்கானிக் அண்ணன் தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். மச்சானின் மானம் அவருக்கு முக்கியம். அவளுக்குப் பலகை முக்கியம். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கையை நீட்டி அண்ணனின் காதுக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இங்கேருந்துதான் வருது.”

மாஸ்டர் நம்பவில்லை. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் வரவில்லை, பார்த்தாயா என்றார். அவள் பிரேக்கை இம்மியளவு தளர்த்தினாள். டக். அவர் கை தானாகத் தாடைக்குப் போனது. எத்தனை வருஷமாக எத்தனை கத்துக்குட்டிகள். காலைப் பிரேக்கில் வைக்காமல் பொறுத்த பொறுமை முழுவதையும் பல்லால் அல்லவா கடித்துப் பிடித்திருக்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். இவர் வாயிலேயே வைத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார்.

மாஸ்டர் மூன்று எஸ்டிமேட்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“அப்ப வண்டில கோளாறு இல்ல. கோளாறே இல்லாததுக்கு எதுக்குக் கூலி?”

சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று காட்டுவதுதான் பேச்சு, காட்டியாயிற்று என்றாள் அவள். வண்டியிலிருந்து வருவதைத்தான் சொன்னேன் என்றார் அவர். வண்டிக்குள்ளேயிருந்துதானே வந்தது என்றாள்.

“விடும்மா, மச்சான்தானே” என்றார் பின்னாலிருந்து மெக்கானிக்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது. மச்சான்தானே, சித்தப்பாதானே, அத்தை மகன்தானே என்று தானே தானே போட்டுத்தான் இந்த மனுஷர் கடையையே கரைத்தார். முற்பகல் தொடங்கி வெயிலில் அடியில் படுத்து எழுந்தவருடைய முதுகில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது. அதற்கு ஒரு விலை இல்லையா? அவள் சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பினாள்.

“எங்க போற?” என்றார் மாஸ்டர்.

“உன்னை வீட்டுல விட்டுட்டு வரேன்.”

“வெளிய மெயின் ரோடு பாப்பா.”

“தெரியும்.”

வண்டி தாவியது. டக். கேட்டைத் தாண்ட இன்னும் ஒரு வண்டி நீளம்தான் பாக்கி. வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டக், டக். அண்ணனின் கொள்கை கேட் வரைகூடத் தாங்கவில்லை. தன் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து நிறுத்திவிட்டு, பர்ஸை எடுத்தார்.

அவள் அங்கேயே, ஸ்டியரிங்கின் மேலேயே வைத்து ரசீது எழுதினாள். ‘சத்தம் பார்த்த கூலி’ என்று மட்டும் எழுதினாள். எங்கே பார்த்தது என்று எழுதவில்லை, என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர். மாஸ்டர் அதை வாங்கி, செல்போனில் படம் பிடித்து, குடும்பக் குழுவில் தானே போட்டார். நான் மட்டும் இளிச்சவாயனா, எல்லாரும் கொடுக்கட்டும் என்பது அவர் நியாயம்.

என்ன கோளாறாம் என்று சித்தப்பா உடனே கேட்டிருந்தார். மாஸ்டர் கொஞ்சம் யோசித்துப் பதில் தட்டினார்: ‘ஒரு இடத்துல தேஞ்சு போச்சு. மாத்த முடியாதாம். ஓடற வரைக்கும் ஓட்ட வேண்டியதுதான்.’

பிறகு டாஷ்போர்டைத் திறந்து தன்னுடைய ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அவள் பெயரை எழுதி, ‘சோதனை வகுப்பு’ என்று போட்டு, கிழித்து நீட்டினார். தொகையும் அதுவேதான். “பக்கத்துல உக்காந்து பாத்தேன்ல. உறவா இருந்தாலும் ஒரே விதி. நாளைக்குக் காலைல வந்துடு, பிரேக்கை நான் மிதிச்சுக்கறேன். இந்தத் தாடை இதுக்கு மேல தாங்காது.”

வாங்கிய நோட்டுகளையே அவள் திருப்பிக் கொடுத்தாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் யாருக்கும் காசு கொடுத்ததில்லை.

மறுநாள் அவள் வகுப்பு முடிந்து வந்து கடை திறக்கும்போதே சித்தப்பாவின் வண்டி வாசலில் நின்றது. சித்தப்பா பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்து, குனிய மறந்து பலகையில் இடித்துக்கொண்டார். மெக்கானிக் பதறிப்போய் ஸ்பேனரை வைத்துவிட்டு வந்தார். சம்பளக் கம்பெனிப் பேச்சு அவர் வாயில் வரவில்லை. அண்ணாந்து பலகையைப் பார்த்தார்.

“இதைக் கொஞ்சம் மேல ஏத்தி மாட்டிடவா? வர்றவங்களுக்கெல்லாம் இடிக்குது.”

“இடிக்கட்டும்” என்றாள் அவள், ரசீதுப் புத்தகத்தைத் திறந்தபடி.