மஞ்சள் புள்ளி வைத்த கீல்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கீல்கள் பனிக்கட்டி போல இருக்கும். தகரக் கூரைக்கு அடியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு. முதல் ஐம்பதை எடுப்பதற்குள் விரல் நுனி மரத்துவிடும். இடது கையால் கீலின் அச்சாணியைப் பிடித்துத் தொங்கவிட்டு, வலது கையிலிருக்கும் பித்தளைக் கோலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நல்ல கீல் மணியைப் போல நீட்டி ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் பாதியிலேயே செத்துப்போகும். நல்லதன் மேல் அவரவருக்கான வண்ணத்தில் ஒரு சொட்டு வைத்து வரிசையில் தள்ள வேண்டும். கெட்டது சிவப்புக் கூடைக்கு. ஒரு ஷிப்டுக்கு ஆளுக்கு எழுநூறு.

மடக்கு சைக்கிளின் இடுப்பில் இருக்கிற கீல் அது. சைக்கிளை இரண்டாக மடித்துப் பையைப் போலத் தூக்கிக்கொண்டு மாடியேறலாம் என்பது விளம்பரம். விரித்து ஏறி உட்கார்ந்த பிறகு ஆளின் மொத்தப் பாரமும் உள்ளங்கை அகல இரும்பில் வந்து நிற்கும் என்பதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

பட்டறையில் அவளைக் காதக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் தட்டிப் பார்த்துத் தள்ளிய கீலை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரிசல் இல்லாமல் இருந்ததே கிடையாது. முதலாளி விருந்தாளிகளை அழைத்து வரும்போதெல்லாம் அவள் மேசையருகே நின்று, “இந்தம்மா காது மெஷினையே தோற்கடிச்சிடும்” என்பார். அவளும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். அதே வார்த்தையைச் சொல்லித்தான் எட்டு மாதத்துக்கு முன் சோதனை மெஷினை நிறுத்தினார். மூலையில் நின்றுகொண்டு ஒரே கீலை இரண்டு நாள் இடைவிடாமல் லட்சம் முறை அழுத்தி அழுத்திப் பார்த்த மெஷின் அது. ஓயாமல் தலையாட்டியதால் எல்லோரும் அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அதன் மேல் தார்ப்பாய் கிடந்தது.

நான்கு மாதமாக அவளுக்கு அந்த மணியோசை கேட்கவில்லை.

முதலில் போனது கைப்பேசியின் சிணுங்கல். பிறகு குக்கர் விசில். “ஏழு விசில் அடிச்சாச்சு, அடுப்பு முன்னாடியே நின்னுக்கிட்டு என்னம்மா யோசனை?” என்று மகள் வந்து அடுப்பை அணைத்தபோது, “நினைப்பு வேற எங்கயோ போச்சுடி” என்று சமாளித்தாள். பட்டறைக்கு வந்த முதல் ஒன்பது வருடம் இரும்பை அடித்து வளைக்கும் பிரஸ் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவள். அவை எதை எடுத்துக்கொண்டன என்பது இப்போதுதான் தெரிந்தது. ஆண்களின் பேச்சும் லாரியின் உறுமலும் கேட்டன. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் மட்டும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன.

யாரிடமும் சொல்லவில்லை. கீலின் நடுக்கத்தை விரலில் பிடித்துப் பார்க்கப் பழகிக்கொண்டாள். வெயில் ஏறிய பிறகு விரல் ஓரளவு சொல்லிவிடும். விடியற்காலையில், மரத்துப்போன விரலோடு, முதல் ஐம்பது கீல்களும் கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடப்பது போலத்தான். தட்டுவாள், கேட்பது போலத் தலையைச் சாய்ப்பாள், பச்சைப் புள்ளி வைப்பாள். ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் அடிவயிற்றில் ஏதோ ஒன்று சுருண்டுகொள்ளும்.

நான்கு நாளாக அது சுருண்டபடியே கிடந்தது. நான்கு நாளுக்கு முன்புதான் பெட்டி அடுக்கும் பெண் வேலை முடிந்து வீடு திரும்பும்போது பாலத்து இறக்கத்தில் சைக்கிள் இரண்டாகப் பிளந்து விழுந்துவிட்டாள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கென்று பட்டறையே கொடுத்த புத்தம் புது மடக்கு சைக்கிள். தாடை எலும்பு முறிந்து வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்களாம்.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். செய்தித்தாளில் சுற்றியிருந்ததை அவள் மேசைமேல் பிரித்து வைத்தார்.

உடைந்த கீல். முறிந்த பரப்பில் பாதி கறுத்திருந்தது, மீதி புதிதாகப் பிய்ந்த வெளுப்பு. கறுப்பு பழைய விரிசல். அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. பிறகுதான் புள்ளியைப் பார்த்தாள். மஞ்சள்.

மஞ்சள் பக்கத்து மேசைக்காரியின் வண்ணம். இருவரில் இளையவள் என்பதால் அவளைச் சின்னவள் என்பார்கள்.

“மஞ்சள் யாரோடது? யாருக்கும் வாயில்லையா?”

“என்னோடதுதான் சார்,” என்றாள் சின்னவள்.

“பதிமூணாம் தேதி தட்டின லாட். பின்னாடி குத்தியிருக்கு பாரு. உசிரு போயிருந்தா யாரும்மா பதில் சொல்றது?”

“அன்னைக்கு எழுநூத்திச் சொச்சம் தட்டினேன் சார். எல்லாத்தையும் எப்படி…”

“எழுநூறு தட்டினது என் தப்பா?”

“தட்டச் சொன்னது நீங்கதானே சார்.”

முதலாளி கோபப்படவில்லை. சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “வாய் நல்லா வேலை செய்யுது. காதுதான் செய்யலை.” பிறகு சின்னவளிடம், “ரெண்டு மணிக்கு ஆபீசுக்கு வா. லெட்டர் ரெடியா இருக்கும். கவனக்குறைவு என்னோடதுன்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. கேசு கீசுன்னு போகாம நான் பார்த்துக்கறேன்” என்றார்.

காதக்காவின் உடம்பு அப்போது செய்ததை அவள் பிறகு எத்தனை நாள் நினைத்துக் கூசப்போகிறாளோ தெரியாது. நான்கு நாளாக இறுகியிருந்த வயிறு மெல்லத் தளர்ந்தது. பச்சை இல்லை. என்னுடையது இல்லை. வெந்நீரில் கால் வைத்தது போன்ற சுகம். ஒரு மூச்சு நேரம்தான்.

“காதக்கா,” முதலாளி அவள் தோளருகே குனிந்தார். “இனிமே ரெண்டு மேசையையும் நீங்களே பார்த்துக்குங்க. உங்க ஒரு காது போதும் எனக்கு.”

“சரிங்க சார்,” என்றது அவள் வாய்.

கம்ப்ரசர் மறுபடி உறுமத் தொடங்கியபோதுதான் பதிமூன்றாம் தேதி அவள் நினைவுக்கு வந்தது. அன்று அதிகாலையில் நல்ல குளிர். பச்சை வண்ணம் டப்பாவிலேயே இறுகிப்போயிருந்தது. “இதுல தொட்டுக்கோங்கக்கா, புள்ளின்னா புள்ளிதானே” என்று சின்னவள் தன் டப்பாவை நடுவில் நகர்த்தி வைத்தாள். வெயில் ஏறும்வரை இருவருமே மஞ்சள்தான் வைத்தார்கள். அவளுடைய முதல் ஐம்பது, முதல் நூறு, எல்லாமே மஞ்சள்.

சின்னவளுக்கு அது நினைவில்லை. நினைவிருந்தாலும் சொல்லமாட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை காதக்காவின் கை தொட்ட கீல் உடையாது.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் குழாயடிக்குப் போனார்கள். சின்னவள் சாப்பாட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள். “நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்க்கா. பேச முடியலை அவளால. பேப்பர்ல எழுதிக் காட்டினா.” நான்காய் மடித்த தாளை நீட்டினாள்.

‘இந்த மாதிரி எத்தனை வெளிய போயிருக்கு?’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. வலி, ஆஸ்பத்திரிச் செலவு, முதலாளி என எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

காதக்கா அதை இரண்டு முறை படித்தாள். நான்கு மாதம். ஒரு நாளைக்கு ஐம்பது. எங்கெங்கோ தெருக்களில், இறக்கங்களில், முகம் தெரியாத ஆட்கள் அவள் தலைசாய்த்துக் கேட்காமல் விட்ட இரும்பின் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் இதுவரை பெரிதாகத்தான் இருந்தது. இந்தப் பயத்துக்குப் பக்கத்தில் அது சிறுத்துப் போனது. போகவில்லை, சிறுத்தது.

“அது என் கீலா இருக்கலாம்,” என்றாள்.

“என்னக்கா?”

“அன்னைக்கு உன் டப்பாவுல நானும் தொட்டேன்.” தாளை மடித்து அவளிடமே நீட்டினாள். “எனக்குக் காது கேக்கலைடி. நாலு மாசமா. மெல்லிசு சத்தம் எதுவும் கேக்கலை. சும்மா தட்டிக்கிட்டிருக்கேன்.”

சின்னவள் அவளையே பார்த்தாள். கண்ணில் முதலில் வந்தது இரக்கம் அல்ல. “காலையில அந்த ஆளு என்னைக் கேக்கறப்ப பக்கத்துலதானே நின்னீங்க?”

“ஆமா.”

“சரிங்க சார்னு வேற சொன்னீங்க.”

“ஆமா.”

“தூ,” என்று தரையில் துப்பிவிட்டுச் சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. காதக்கா தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். அந்தத் துப்பலுக்குத் தான் உரியவள் என்பதில் ஒரு விசித்திரமான நிம்மதி இருந்தது.

குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த வெல்டர் அண்ணன் நிமிர்ந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. முகத்தைத் துடைக்காமலே வந்து குந்தினார்.

“உடைஞ்சது கீலோட உடம்புல இல்லை, நான் பத்தவச்ச ஜாயின்ட்டு பக்கத்துல,” என்றார். “நானும் காலையிலேயே பார்த்தேன். வாயைத் திறக்கலை. ரெண்டு வருசமா சாயங்காலமானா எனக்கு எல்லாம் புகையா தெரியுது. பழக்கத்துல கை போகுது, நான் பின்னாலயே போறேன்.”

“கண்ணாடி போட வேண்டியதுதானே?” என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“கண்ணாடி போட்ட வெல்டரை அடுத்த வருசம் வச்சிருப்பாங்களா?”

பக்கத்தில், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுகிறவன் உட்கார்ந்திருந்தான். கீலின் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்குகிற நாற்பது வயதுக்காரன். சோற்றுக் கையை உயர்த்திக் காட்டினான். மூன்று விரல்கள் வெளுத்திருந்தன. “இதுல ஊசி குத்தினாலும் தெரியாது. நட்டு இறுகிச்சா இல்லையான்னு துப்பாக்கியைத்தான் கேக்கணும். ஒரு கண்ணு, ஒரு காது, மூணு விரலு. நம்ம எல்லாரையும் அரைச்சுச் சேர்த்தாக்கூட ஒரு முழு ஆளு தேறாது போலிருக்கே அண்ணே.”

சின்னவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கோபம் வந்து மறுபடி அழுதாள்.

“அந்தப் பைத்திய மெஷின் ஓடினவரைக்கும் நம்ம தப்பு வெளிய போகலை,” என்றார் வெல்டர் மெதுவாக. “தப்பா பத்தவச்சா அது ஒடச்சுக் காட்டிடும். லாட்டு மொத்தமும் நிக்கும். நிக்குதுன்னுதான் அதை நிறுத்தினாங்க.”

“என் காதைச் சொல்லி நிறுத்தினாங்க,” என்றாள் காதக்கா. “நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.”

சின்னவள் தாளை மறுபடி பிரித்து முழங்கால்மேல் நீவினாள். “இவ கேட்டிருக்கறதுக்கு யாராவது பதில் சொல்லணும்,” என்றாள். “லெட்டர்ல நான் கையெழுத்துப் போட்டா பதில் சொன்னதா ஆயிடும். யார் பண்ணான்னு தெரிஞ்சுபோச்சு, விசயம் முடிஞ்சுதுன்னு. நான் போடமாட்டேன்.”

“போடாதே,” என்றார் வெல்டர். “மெஷின் ஓடறவரைக்கும் நானும் டார்ச்சைத் தொடமாட்டேன்.”

எட்டு மாத லாட்டையெல்லாம் திரும்ப வாங்கிச் சோதிக்க வேண்டும் என்று ஸ்பேனர் சேர்த்துக்கொண்டான். செய்தி குழாயடியைச் சுற்றி வாய்க்கு வாய் நகர்ந்தது. காதக்கா முகங்களைப் பார்த்தாள். மகளின் பள்ளிக்கூடம், வாடகை, கடன் சொல்லிச் சாமான் வாங்குகிற கடை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வந்து நின்றன. எழுந்திருக்க வேண்டாம் என்று உடம்பு சொன்னது. எழுந்தாள்.

இரண்டு மணிக்கு முப்பத்தொரு பேர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

முதலாளி கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “என்ன இது? அந்தப் பொண்ணை மட்டும்தானே வரச்சொன்னேன்?”

“அன்னைக்கு மஞ்சள் வச்சது நானும்தான் சார்,” என்றாள் காதக்கா. குரல் தனக்கே உரக்கக் கேட்டது. எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பதே கொஞ்ச நாளாக அவளுக்குத் தெரிவதில்லை. “நாலு மாசமா எனக்குக் காது சரியா கேக்காது. உங்க பிரஸ்ஸுல போச்சு.”

முதலாளியின் முகம் ஒரு கணம் வெறுமையாயிற்று. பிறகு கண்கள் கணக்குப் போட்டன. “நாலு மாசமா ஏமாத்தினீங்களா? இதை நான் எழுதி வாங்கினா உங்க கதி என்னன்னு தெரியுமா?”

“தெரியும் சார்.” தெரியாது. அதுதான் பயம்.

“எனக்குக் கண்ணு சரியில்லை சார். அதையும் எழுதிக்குங்க,” என்றார் வெல்டர்.

“மூணு விரலு,” என்றான் ஸ்பேனர் பின்னாலிருந்து. யாரோ முதுகுவலி என்றார்கள். இன்னொருத்தி, மூச்சு என்றாள்.

“ஆஸ்பத்திரியா இது?”

“எங்களை வச்சு எங்களையே சோதிக்கச் சொன்னா இப்படித்தான் சார் ஆகும்,” என்றாள் சின்னவள். “மெஷினைப் போடுங்க. வெளிய போனதைத் திரும்ப வாங்குங்க. அதுவரைக்கும் ஒரு கீலும் நகராது.”

“லாரி அஞ்சு மணிக்கு வருது.”

“வரட்டும் சார்.”

முதலாளி அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “சரி. கூட்டமா நின்னா பேச முடியாது. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. உங்க உங்க கஷ்டத்தைத் தனித்தனியா கேக்கறேன். காதக்கா, முதல்ல நீங்க வாங்க.”

உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருந்தன. அந்த அறைக்குள் தனியாகப் போனால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். தன்னை அவளுக்கு அந்த அளவு தெரியும். சின்னவளின் கையைத் தேடினாள். மதியம் துப்பியவள், அதிலிருந்து இன்னும் நேராகப் பார்க்காதவள். அந்தக் கை இவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது, வலிக்கிற மாதிரி.

இருவரும் சேர்ந்தே படியேறினார்கள். பின்னாலேயே வெல்டர். அவருக்குப் பின்னால் ஸ்பேனர். ஆறு பேர் நிற்கக்கூடிய அறைக்குள் பத்துப் பேர் நுழைந்தார்கள். மற்றவர்கள் வாசற்படியில், நிலைப்படியில், அதற்கு வெளியே வராந்தாவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். யாருடைய மூச்சோ அவள் பிடரியில் சுட்டது. முதுகோடு ஒட்டி நின்ற உடம்பு நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். வெல்டர் அண்ணன். அந்த ஆகிருதியான மனிதர், கண்களைக் கொட்டாமல் முதலாளியைப் பார்த்தபடி, இலை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் விலகாமல் முதுகை இன்னும் அழுத்தி நின்றுகொண்டாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். பிறகு வைத்தார்.

“கதவைச் சாத்துங்க,” என்றார்.

வாசலில் நின்றவர்களைச் சூப்பர்வைசர் பார்த்தான். கதவை ஒரு முறை தள்ளிப் பார்த்தான். அது யாருடைய தோளிலோ மோதி நின்றது. தோள் நகரவில்லை.