ஓட்டிப் பார்க்கப் போன கார்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு முன்னால் ஆட்டோ வந்து நின்றபோது, என் வீட்டுக்காரர் சிவகணேஷ் மூன்றாவது தடவையாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஃபியட் காரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என் வாயில் வராது. வாங்கும்போது அது எல்லோரும் வைத்திருக்கிற ஃபியட்தான். நான்கு வருஷத்தில் இவர் அதை வேறு ஏதோ பிராணியாக்கிவிட்டார். ஒரு கார்பரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. சிலிண்டர் ஹெட்டைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சீவி வந்தார். ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைத்தார், அகல டயர் போட்டார், சைலன்சருக்குப் பதில் கை நுழைகிற அளவுக்குக் குழாய். கிளப்பினால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளெல்லாம் வீரிட்டு அழும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பின் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டார். கார் என்றால் நாலு பேர் உட்கார வேண்டாமா? அதில் ரெண்டே பேர்தான் உட்காரலாம்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அன்று, அந்தக் காரா நானா என்று இவரிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். அந்த இரண்டு நாளை நான் இன்றுவரை மறக்கவில்லை.

விளம்பரம் வந்ததும் இவருக்கு ஏமாறக் கூடாது என்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரு நோட்டில் விதிகள் எழுதினார். செக் வாங்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தின் நகலைத்தான் காட்ட வேண்டும். தனியாக வண்டியைக் கொடுத்தனுப்பக் கூடாது. மெட்ராஸிலிருந்து போனில் பேசிய ஒருவன், டிரைவரை அனுப்புகிறேன், செக்கை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுங்கள் என்றதற்கு இவர் அரை மணி நேரம் சிரித்தார். "எங்கிட்டயா" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்கண்ணாடியில் விற்பனைக்கு என்று எழுதி எங்கள் போன் நம்பரையும் ஒட்டிவைத்தார்.

ஆட்டோவிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். உயரமான ஒருவன், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கையில் கனமான ஒரு பை. பின்னால் பேசாமல் நின்ற ஒருத்தனை மெக்கானிக் என்றான். மூன்றாவதாக ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எப்போதோ ஒருதரம் உடுத்துகிற பட்டு, மடிப்புக் கலையாமல்.

"அம்மையப்பன்னு பேரு. நாகர்கோயில்ல காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யுதேன். இது வீட்டுல" என்றான்.

அந்தப் பெயரையும் அந்தத் திருநீற்றையும் கண்டதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுக்களைக்கு வந்து, "நம்ம ஆளுகதாம்ட்டி. காப்பியை நல்ல டம்ளர்ல குடு" என்றார். நோட்டில் இதற்கு ஒரு விதி எழுதியிருக்கவில்லை.

அவன் இஞ்சினைப் பார்த்தான். இவர் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்ல, கேட்க வேண்டிய கேள்விகளைச் சரியாகக் கேட்டான். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். "ரெண்டே சீட்டுல்லா இருக்கு அண்ணாச்சி. மெக்கானிக் பக்கத்துல இருந்து சத்தம் கேக்கணும். பொன்னாக்குடி வரைக்கும் போயிட்டு வந்துருதோம்."

இவர் தாடையைச் சொறிந்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அதுக்கென்ன. தங்கச்சி இங்கனயே இருக்கட்டும். வெயில்ல எதுக்கு நிக்கணும்" என்றார்.

என்ன கேட்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றான். டிக்கி சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பதுபோலத் திறந்து, பையை உள்ளே வைத்து மூடினான். அவளிடம், "இங்கயே இரு. வந்துருதேன்" என்றான். தெருமுனை திரும்பிய பிறகும் கார்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவள் பெயர் உலகம்மாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முக்கூடலில் பீடி சுற்றினாளாம். இன்று காலையில்தான் வாடகை வீட்டைக் காலி செய்தார்களாம். கார் வாங்கி அதிலேயே நாகர்கோயிலுக்குக் குடிபோவதாக ஏற்பாடு. "எனக்குக் கார்ல போனா வாந்தி வரும்க்கா. அவியட்ட சொல்லல. சொன்னா வாங்காம இருந்துருவாவ" என்று சிரித்தாள். என் வயிற்றைப் பார்த்து, எத்தனை மாசம் என்று கேட்டாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு இவர் வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்க ஆரம்பித்தார். பன்னிரண்டரைக்குப் பேச்சில் 'தங்கச்சி' போய்விட்டது. ஒரு மணிக்கு அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாகர்கோயிலில் எந்தத் தெரு, காண்ட்ராக்ட் யாரிடம் என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அம்மையப்பனுக்கு அப்பா பேரு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அவிய பேரு பலவேசம் சார். சொந்தச் சாதிக்காரவியளுக்குத்தான் கார் குடுப்பாங்க, நீ வாயத் தொறக்காதன்னு சொன்னாவ."

இவர் எழுந்துபோய் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தார். "கார் வந்தாத்தான் நீ வெளிய போலாம்" என்றார். அவள் தலையாட்டினாள். "வந்துருவாவ சார். அவிய எங்க போனாலும் வந்துருவாவ."

நான் அடுக்களையில் இவரிடம், போலீசுக்குப் போகலாமே என்றேன். இவர் குரலைத் தாழ்த்தினார். காரில் செய்திருக்கிற மாற்றம் ஒன்றுகூட ஆர்.சி.யில் ஏறவில்லை. போனால் முதல் கேள்வி இவரிடம்தான் கேட்பார்கள். "அதுவும் போக, அவன் தூரம் போவ முடியாதுட்டி. ஹெட்டைச் சீவுனதுல இஞ்சின் கொதிக்கும். அதுக்குத் தனியா ஒரு ஃபேன் வச்சிருக்கேன்லா. சுவிட்சு சீட்டுக்கு அடியில. அவன்ட்ட நான் சொல்லல. நாகர்கோயில் ரோட்டுல வள்ளியூரைத் தாண்ட மாட்டான்."

"அப்ப அந்தப் பிள்ளையை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கிய?"

"கெடக்கட்டும். ஒருவேளை தாண்டிட்டான்னா?"

நான் வெளியே வந்து அவளுக்குச் சோறு போட்டேன். அவள் சாப்பிட்டு முடித்ததும் தானே எழுந்து எச்சில் தட்டைக் கழுவினாள். பிறகு தொட்டியில் கிடந்த எங்கள் பாத்திரங்களையும் தேய்க்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன். அடுக்களை மேடையைத் துடைத்தாள். என் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, தரையில் உட்கார்ந்து தன் மடியில் எடுத்துவைத்துப் பைய நீவிவிட்டாள். எட்டு வருஷத்தில் யாரும் என் காலை அப்படித் தொட்டதில்லை. சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். பீடி இலை நறுக்கி நறுக்கிக் காய்த்த விரல்கள்.

மூன்று மணிக்கு இவர் என்னைக் கூப்பிட்டு, "அவ கழுத்துல கெடக்க சங்கிலியைக் கழட்டி வாங்கி வை" என்றார். தாலிச் சங்கிலி. நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். போய்க் கேட்டேன். அவள் கோபப்படவில்லை, அழவில்லை. ஒரு மஞ்சள் கயிறு கேட்டாள். பூஜை அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தாலியை அதில் கோத்துக் கட்டிக்கொண்டு, சங்கிலியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். வாங்கியதும் தெரிந்துவிட்டது. எடையில்லை, கொக்கி கறுத்திருந்தது.

"இது கவரிங்லா" என்றேன்.

"இல்லக்கா, பவுனு. நான் சமைஞ்சப்ப எங்க அம்மை போட்டது. போன மாசந்தான் அவிய கொண்டுபோய்ப் பாலீஷ் போட்டுட்டு வந்தாவ."

சொல்லி முடித்தபிறகு அவள் வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சங்கிலியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. வள்ளியூருக்கு இந்தப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற யாரோ ஒருவர். கண்ணாடியில் நம்பர் பார்த்தேன், உங்கள் கார் மத்தியானமே புகைந்து ரோட்டோரம் நின்றுவிட்டது, ஓட்டிவந்த இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள் என்றார். இவர் போனை வைத்துவிட்டுத் துள்ளியதைப் பார்த்திருக்க வேண்டும். தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேனை வரவழைத்து, அங்கே வேலை செய்கிற மெக்கானிக் சங்கிலிபூதத்தானைக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்தரை மணிக்குக் காரை வேனில் கட்டி இழுத்து வந்துவிட்டார்.

"கேஸ்கெட் மட்டுந்தான் போயிருக்கு. ரெண்டு நாள்ல சரி பண்ணிரலாம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இவர் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் குனிந்து காட்டினார். "நம்மகிட்டயா நடக்கும்" என்றார். யாரும் உலகம்மாளைப் பார்க்கவில்லை. அவள் மெல்லக் காருக்குப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஸ்டெப்னி டயர் மட்டும் இருந்தது. அந்தப் பையில்தான் அவளுடைய துணிமணி, பத்தாம் வகுப்புச் சர்டிபிகேட், ரேஷன் கார்டு எல்லாம் இருந்தன. டிக்கியைச் சத்தமில்லாமல் மூடினாள்.

"நீ போலாம்" என்றார் இவர்.

அவள் கேட்டுக்கு வெளியே போய், எதிர்வீட்டுச் சுவரோரம் போட்டிருந்த கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய், அம்மா வீட்டுக்குப் போயேன் என்றேன். அவனோடு ஓடிவந்த அன்றே அம்மா இவளுக்குத் தலைமுழுகிவிட்டாளாம். "காரு வந்துட்டுல்லாக்கா. அவிய பின்னாலயே வருவாவ. இங்கயே இருன்னுதான் சொன்னாவ."

நான் உள்ளே வந்தேன். இவர் என்னிடம், "ராத்திரி பூரா இங்கன கெடந்தா நாளைக்கு ஊரே கேக்கும். போலீசு வரைக்கும் போயிரும். நீயே பேசி அனுப்பு" என்றார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கார் விற்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் எனக்கும். அந்தப் பயத்தில் செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மையில் அவள் அங்கே உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு மூலையில் படுக்கச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகுதான் தெருவைக் கடந்துபோனேன்.

"உலகம்மா, இப்பந்தான் போன் வந்துது. உன் வீட்டுக்காரரு பேசுனாரு."

அவள் எழுந்துவிட்டாள்.

"கார் நின்னுட்டுன்னு பயந்துட்டாராம். இங்க வந்தாப் பிடிச்சிருவாங்கன்னு வரலயாம். திருச்செந்தூர் கோயில் வாசல்ல நிக்காராம். உன்னய வரச் சொன்னாரு."

"என்னையக் கேட்டாவளா?"

"கேட்டாரு. சாப்பிட்டாளான்னு கேட்டாரு."

அந்தக் கடைசிப் பொய்க்கு அவசியமே இல்லை. அது இல்லாமலேயே அவள் போயிருப்பாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எங்கள் வீட்டுக் குழாயில் முகம் கழுவினாள். கொஞ்சம் பவுடர் கேட்டாள். நான் என் தலையிலிருந்த பிச்சிப்பூவில் பாதியைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டேன். பஸ் ஏற்றிவிடத் திருச்செந்தூர் ரோட்டுக்குக் கூடவே நடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடங்கக்கா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். டிக்கெட்டுக்கு மட்டும் சில்லறை வாங்கிக்கொண்டாள். மேலே கொடுத்ததற்கு, "அவிய இருக்காவல்லா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கிருத்திகையோ என்னவோ, பஸ் நிறையக் கூட்டம். மொட்டை போடப் போகிற பிள்ளைகள், காவித் துணிகள். எப்படியோ நெருக்கியடித்து ஜன்னல் ஓரம் வந்துவிட்டாள். பஸ் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, "மறுபடி போன் வந்தா பஸ் ஏறிட்டேன்னு சொல்லிருங்கக்கா" என்றாள்.

"சொல்லுதேன்" என்றேன்.

பஸ் வளைவில் திரும்பும்வரை அவள் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு கையால் கூந்தல் பூ காற்றில் பறந்துவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள்.