பசுவுக்கு நடைப்பயிற்சி

சினைப் பருவத்தில் நன்றாகத் துள்ளித் திரியும் பசுவுக்குச் சினை எளிதில் நிற்கும் என்று மாடு வளர்ப்புப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். துள்ள வைத்தாலே சினை நின்றுவிடும் என்று பண்ணை முதலாளி புரிந்துகொண்டார். இந்த முறையும் நிற்காவிட்டால், மனைவி செல்லமாக வளர்த்த பசுவை விற்பதாக முடிவு. அதனால் நடையைக் கணக்கிடும் பட்டையை அதன் கழுத்தில் கட்டி, காலையிலிருந்து கொட்டகையைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு ஓடினார். செல்பேசியில் பட்டை காட்டும் கோடு உச்சிக்கு ஏறியதும் மாட்டு டாக்டரை வரவழைத்தார்.

டாக்டர் நீளக் கையுறை மாட்டிச் சோதித்தார். "பருவமே வரலைங்களே. தானா துள்ளுற அன்னிக்குக் கூப்பிடுங்க, சினை ஊசி போடலாம்."

"அப்ப இந்தக் கோடு?"

"அது நீங்க துள்ளுனதுங்க," என்றாள் மனைவி. "மாட்டை விக்கிற பேச்சு அப்புறம். டாக்டர், கையுறையைக் கழட்டறதுக்குள்ள இவரையும் ஒரு தடவை பாத்துடுங்க."