சிப்பித்தீவு தகுதி பெற்ற விதம்

சிப்பித்தீவு ஓரிடத்தில் நிற்காது. காற்றடித்தால் அந்தப் பக்கம் நகரும். ஊர் ஜனம் எழுந்து வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் நகரும். அதனால் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்று வரும்போதெல்லாம், தீவு அன்றைக்கு எந்த மண்டலத்தில் மிதக்கிறதோ அந்த மண்டலத்தில் ஆடும். இந்த முறை மேற்கு மண்டலம். கடலில் சிவப்பு மிதவைகள் கட்டி எல்லைக்கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அப்பால் கிழக்கு மண்டலம். மண்டல அதிகாரி வரதராஜுலு கோட்டின் மேல் ஒரு படகை நிறுத்திக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். கடைசிப் பந்து முடியும்வரை தீவின் எந்த ஓரமும் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஆட்டம் செல்லாது. விதி அவ்வளவுதான். விதியைப் பற்றி யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மனத்தாங்கல் எல்லாம் போன தடவை நடந்ததைப் பற்றித்தான். அந்த இறுதி ஆட்டத்தில் அணித்தலைவி சகாயராணி ஒரு சிக்சர் அடித்தாள். அடேயப்பா, என்ன அடி! மைதானம் தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. முதல் வரிசையில் இருந்த அவளுடைய அக்கா புஷ்பம் துள்ளி எழுந்தாள். புஷ்பம் எழுந்தால் ஊர் எழும். ஊர் குதித்த குதியில் தீவு வழுக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் நின்றது. ஜெயித்த ஆட்டம் கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. அதற்கு முந்தைய தடவையும் இதே கதைதான். சந்தோஷத்தை அடக்கத் தெரியாத ஜனம், என்ன செய்வது?

சகாயராணி காலையில் மீன் ஏலம் கூறுவாள், சாயங்காலம் மட்டை பிடிப்பாள். அவள் ஏலக் குரல் எடுத்தால் நடுக்கடலில் வலை இழுப்பவன் விலை கேட்டுத் திரும்புவான். ஆனால் வலது முழங்கால் போய்விட்டது. அடுத்த தகுதிச்சுற்றுக்கு அவளால் குனியவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிப்பித்தீவு ஒருமுறையாவது உலகக் கோப்பைக்குப் போக வேண்டும், தான் போய்ப் பார்க்க வேண்டும். இது ஒன்றுதான் அவளுக்கு ஆசை, இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

இறுதி ஆட்டத்தில் எதிரணி கார்மலை நாடு. கடலையே பார்த்திராத மலைப் பெண்கள். வந்த புதிதில் யாரோடும் பேச முடியாமல் இருந்தார்கள். பிறகு புஷ்பம் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவர்களுக்குத் தமிழ் வந்துவிட்டது. தலைவி யாங்கி ரொம்பவும் புத்திசாலி, பாராட்டத்தான் வேண்டும். தன் அணி ஆடி முடித்து, சிப்பித்தீவு மட்டை பிடிக்க வந்ததும் அவள் என்ன செய்தாள்? குழந்தைக்குப் போடுவதுபோலப் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டாள். அடித்தால் நான்கு ரன். அடித்தாள் சகாயராணி. ஊர் பாதி எழுந்துவிட்டது. தீவு முனகியது. படகிலிருந்த வரதராஜுலு எச்சரிக்கையாக ஒரு விரலைத் தூக்கினார்.

யாங்கி சிரித்தாள். சகாயராணிக்கு விஷயம் புரிந்தது.

"உக்காருங்க!" என்று ஏலக் குரலில் ஒரு சத்தம் போட்டாள்.

ஊர் உட்கார்ந்தது. புஷ்பம் தன்னை நம்பாமல் முந்தானையை எடுத்துப் பெஞ்சுக் காலில் இறுக்கி முடிந்துகொண்டாள். அதன் பிறகு சிப்பித்தீவுப் பெண்கள் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். சுவையான பந்தையெல்லாம் விட்டுவிட்டு, உப்பில்லாத கஞ்சி மாதிரி ஒவ்வொரு ரன்னாக எடுத்தார்கள். யாரும் வாயைத் திறந்து ஒரு 'ஆகா' சொல்ல முடியாதபடி அவ்வளவு அழகாக, அவ்வளவு சலிப்பாக ஆடினார்கள். அப்படி ஆடுவதற்கு என்ன மனவுறுதி வேண்டும் தெரியுமா!

வெயில் தாழ்ந்ததும் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. யாரும் அசையாமலேயே தீவு கிழக்கே நகர ஆரம்பித்தது. இன்னும் சில ஓவர்கள் பாக்கி இருக்கும்போதே கோட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு தோணி நுழையும் இடம்தான் மிச்சம். வரதராஜுலு குடையை மடக்கத் தயாரானார். அவர் குடையை மடக்கினால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

சகாயராணி நடுவரிடம் சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு அக்காவிடம் போனாள்.

"அக்கா, ஊரைக் கூட்டிக்கிட்டு மேக்குக் கரைக்குப் போயிரு."

"மேக்கயா? ஐஸ் கம்பெனிக்குப் பின்னாலயா? அங்கருந்து ஒரு மண்ணும் தெரியாதே, ஏட்டி."

"தெரியாதுதான்."

"நீ கடைசியா ஆடுத ஆட்டம். நான் பாக்க வேண்டாமா?"

"நீ பாத்தா செல்லாது. பாக்காட்டா செல்லும். என்ன செய்யலாம், நீயே சொல்லு."

புஷ்பம் குனிந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "ஜெயிச்சா ஒரு சத்தம் குடு, ஏலக் குரல்ல குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். அவள் பின்னால் ஊர் நடந்தது. பாதிரியார், வலைக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கடன் கொடுத்தவன், வாங்கியவன், ஒருவர் பாக்கியில்லை. ஆசை ஆசையாய்ப் பார்க்க வந்த ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். போன தடவை குதித்த அதே ஜனந்தான்.

தீவு நின்றது. ஆனால் ஊரின் பாரமெல்லாம் மேற்கே போனதால் மைதானம் மேற்கே சரிந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். சிப்பித்தீவுப் பெண்கள் தடுமாறினார்கள். கார்மலைப் பெண்களுக்கோ பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சரிவைக் கண்டதும் மலையாடுகள்போலத் துள்ளித் துள்ளி ஓடினார்கள். மேற்கே உருண்ட பந்து ஒன்றைக்கூட அவர்கள் விடவில்லை. ஒருத்தி தலைகீழாக விழுந்துகொண்டே பிடித்த கேட்சுக்குச் சகாயராணியே கைதட்டினாள்.

கடைசிப் பந்து. நான்கு ரன் வேண்டும். மறுமுனையில் கடைசி ஆட்டக்காரி.

சகாயராணி சுற்றிலும் பார்த்தாள். மேற்கே, இறக்கத்தில், கார்மலைப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். கிழக்கே, ஏற்றத்தில், ஆளே இல்லை. மேட்டில் ஏறும் பந்து தானே திரும்பிவிடும், அதற்குக் காவல் எதற்கு? தூக்கி அடித்தாலோ பந்து கோட்டுக்கு அப்பால் விழும். அந்த ஆறு ரன் கிழக்கு மண்டலத்தில் யாருக்காவது போய்ச் சேரும். ஆகவே பந்து மேடேறித்தான் போக வேண்டும்.

யாங்கி ஓடி வந்து போட்டாள். இந்த முறை தாலாட்டு இல்லை, நல்ல வேகம். சகாயராணி நல்ல காலை ஊன்றிக் கிழக்கே அடித்தாள். பந்து மேட்டில் ஏறியது. ஏற ஏறத் தளர்ந்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கியது. "ஏறு, என் தங்கம், ஏறு" என்றாள் சகாயராணி. மறுபடி ஏறியது. எல்லைக் கயிற்றை மெல்லத் தொட்டுவிட்டு, வந்த வழியே உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. நடுவர் கையை வீசி நான்கு என்று காட்டினார். வரதராஜுலு குடையை மடக்காமல் இரண்டு முறை ஆட்டினார்.

காலி பெஞ்சுகள். முதலில் யாங்கி கைதட்டினாள், பிறகு மலைப் பெண்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். சகாயராணி அக்காவுக்குச் சத்தம் கொடுக்க வாயைத் திறந்தாள். நடுக்கடல்வரை கேட்கும் குரல், வரவில்லை. அழுகைதான் வந்தது.

"வா, நேர்ல போய்ச் சொல்லலாம்" என்று யாங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு அணிகளும் சேர்ந்து இறக்கத்தில் நடந்தன. மேற்குக் கரையில் ஊர் முழங்கால் தண்ணீரில் தோளோடு தோள் ஒட்டி, கடலைப் பார்த்து நின்றது. காலடிச் சத்தம் கேட்டும் யாரும் திரும்பவில்லை.

"சொல்லு" என்றாள் புஷ்பம், கடலைப் பார்த்தபடியே.

"ஜெயிச்சிட்டோம்க்கா."

"கோடு?"

"தாண்டல."

புஷ்பம் அப்போதுதான் திரும்பினாள். தங்கையின் முகத்தை ஈரக் கையால் துடைத்துவிட்டாள். "எப்படி அடிச்ச? நான் பாக்கலியே" என்றாள். சகாயராணி கையால் காட்டினாள். அது போதவில்லை என்று எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

"அதுக்கென்ன, நான் மறுபடி போடுறேன்" என்றாள் யாங்கி.

ஊர் மைதானத்துக்குத் திரும்பி அவரவர் இடத்தில் உட்கார்ந்தது. புஷ்பம் முந்தானையை முடியவில்லை. யாங்கி அதே பந்தைப் போட்டாள். தவறிப்போய் முன்னைவிட நன்றாகப் போட்டுவிட்டாள். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. "எப்பேர்ப்பட்ட அடி!" என்று கத்திக்கொண்டு புஷ்பம் துள்ளி எழுந்தாள். ஊர் எழுந்தது. இத்தனை வருஷமாகச் செல்லாமல் போன கைதட்டல் எல்லாம் சேர்த்துத் தட்டினார்கள். தீவு கோட்டைத் தாண்டிப் போயிற்று. வரதராஜுலு படகைச் சற்று ஒதுக்கி வழிவிட்டார்.

உலகக் கோப்பை நடக்கும் நாடு வடக்கே இருந்தது. ஊர் வடக்குக் கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. போகிற வழியில் தீவு அந்தப் பந்தைப்போலவே மெல்ல மெல்ல மேடேறி, கார்மலைப் பெண்களை அவர்கள் மலையில் இறக்கிவிட்டது. உச்சியில் காத்திருந்த யாங்கியின் அம்மா, எல்லாரும் டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், அங்கிருந்த தேவதாரு மரத்தில் தீவைக் கட்டிவிட்டு இறங்கினார்கள்.