சகலைக்குப் பூஜ்யம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் போனில் யாரிடமோ, "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். பதில் வந்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'புற்றுநோய் என்பது மனிதனை அவனுடைய தனிமையின்...' வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

நம் கதாநாயகர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் மனைவியின் அக்கா புருஷன், அதாவது சகலை, மெத்தைக் கடை வைத்திருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் ஒரே டாக்டர், கொஞ்ச நாள் இடைவெளியில், இரண்டு பேருக்கும் புராஸ்டேட் சுரப்பியை எடுத்தார். புற்றுநோய். வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு அலுத்துப்போயிருந்த சகலைகளுக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. (சகலை இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அதைப் பிறகு பார்ப்போம்.)

சுரப்பியை எடுத்தபின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். சகலைக்கு எப்போதும் பூஜ்யம். இவருக்கும் அப்படித்தான் இருந்தது, போன வருஷம் வரை. பிறகு புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு, இப்போது புள்ளி மூன்று. நம்பாமல் வேறொரு கூடத்தில் போய் ரத்தம் கொடுத்தார். அங்கேயும் அதே புள்ளி மூன்று.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. எண் சின்னதாக இருக்கும்போதே கதிர்வீச்சு கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு, தள்ளிப்போடாதீர்கள் என்றார். மேஜைக்கடியில் இவர் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தவர், வீட்டில் வாயே திறக்கவில்லை. சொன்னால் மனைவி அக்காவிடம் சொல்வாள். அக்கா சகலையிடம் சொல்வாள். போயும் போயும் அவரிடம் தோற்பதா?

(உயிர் போகிற விஷயத்திலுமா பொறாமை என்கிறீர்கள். வேறு எதில் படச் சொல்கிறீர்கள்?)

3

முதல் பிரதியில் சகலையை அயோக்கியனாக எழுதினேன். பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைக்குமே என்றுதான். ஆனால் அந்த மனிதர் ஒத்துழைக்கவில்லை. இவருக்கு ஆபரேஷன் ஆனபோது ஊருக்கே மெத்தை விற்கிறவர், துணைக்கு வந்து ஆஸ்பத்திரித் தரையில் படுத்தார். நல்லவர்மேல் வருகிற பொறாமைக்கு மருந்தே கிடையாது.

அதனால் வேறு வழி பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே மனைவி சொல்கிறாள்:

"அக்கா ரொம்ப அழுதா. ஆபரேஷனுக்கு அப்புறம் அத்தான் இன்னும் பேட் வைக்காம வெளிய போக முடியலையாம். தும்முனாகூட மூத்திரம் ஒழுகிடுதாம். நீங்க நாள் முழுக்க கார்ல உக்காந்திருக்கிறதைப் பாத்தா அவருக்கு வயித்தெரிச்சலா இருக்காம்."

"பாவம்" என்றார் இவர். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்திருந்தது. முகத்தைத் துடைப்பதற்குள் மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது. ஒழுகினால் என்ன, ஆள் இருப்பாரே.

4

முடிவுகள்.

(அ) சகலைக்கும் எண் ஏறுகிறது. இதைக் குஷியாக எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன்.

(ஆ) இவர் எல்லாவற்றையும் சொல்ல, இருவரும் கட்டிப்பிடித்து... சீ.

(இ) கார் சாலையோரம் நிற்கிறது. ஓட்டக் கற்கும் பெண் தண்ணீர் வாங்கப் போயிருக்கிறாள். சகலை போனில் கூப்பிடுகிறார். தனக்கு ரிசல்ட் வந்துவிட்டது, வழக்கம்போல் பூஜ்யம் என்கிறார். பிறகு குரலைத் தாழ்த்துகிறார்.

"உங்களுக்கு எவ்வளவு, சகலை?"

பொய் சொன்னால் மானம் தப்பும். உண்மையைச் சொன்னால், சகலை கடையைப் பூட்டிவிட்டு வந்து இவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார். இவருக்கு அது தெரியும். அதனால்தான் இன்னும் எரிகிறது.

இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நானும் ரத்தம் கொடுக்கத்தான் போயிருந்தேன். எனக்கு எவ்வளவு என்று கேட்க யாரும் கூப்பிடவில்லை. கேட்க ஆள் இருந்தும் இந்த மனிதர் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். சகலை இன்னும் போனை வைக்கவில்லை.