ஆட்டம் போட்ட பன்னிரண்டு விளக்குகள்

எங்கள் வீட்டுக் கணக்கு வாத்தியார், அதாவது என்னைக் கட்டிக்கொண்ட மகானுபாவர், சனிக்கிழமை காலை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். நெற்றியில் டார்ச், சட்டைப் பையில் ஆறு எல்இடி பல்பு, மீதி ஆறு என் மடியில். கூடத்துக் கூரைக்குள் பதித்திருந்த பன்னிரண்டு ஹாலஜன் பல்புகளையும் கழற்றிவிட்டு எல்இடி மாட்டப் போகிறாராம்.

"பன்னெண்டம்பது அறுநூறு வாட். பன்னெண்டஞ்சு அறுபது வாட். பத்துல ஒரு பங்கு! கொஞ்சம் யோசிச்சுப் பாரு," என்றார் மேலிருந்து.

யோசித்தேன், என் அண்ணனைப் பற்றி. அண்ணன் எலக்ட்ரீஷியன். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது தன் கையால் பன்னிரண்டு ஓட்டை போட்டு, எங்களுக்குப் பரிசாக மாட்டிக்கொடுத்த விளக்குகள் அவை. கொள்ளை அழகு. சூடும் கொள்ளைச் சூடு, அரைமணி நேரம் எரிந்தால் உச்சி மண்டை பொரியும். ஒருநாள் விருந்தாளிகள் நடுவே இந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மச்சான் மாட்டின லைட்டுக்குக் கீழ தட்ட வெச்சா ஆம்லெட் தானா வெந்துடும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாவி, நானும் சிரித்துத் தொலைத்தேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போனவன்தான். பதினாலு மாசம் ஆகிறது. வீட்டுப் பக்கம் வருவதில்லை, என் ஃபோனை எடுப்பதில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். விளக்கையே கழற்றிவிட்டோம் என்று தெரிந்தால் ஜென்மத்துக்கும் வரமாட்டான்.

"ஆ!" என்றார் மேலிருந்தவர். விளக்கு வளையத்தின் இரண்டு பக்கமும் ஸ்ப்ரிங் உண்டு. வெளியே இழுத்த மாத்திரத்தில் அது எலிப்பொறி மாதிரி விரலில் படார் என்று அடிக்கும். பன்னிரண்டு விளக்குக்கும் பன்னிரண்டு "ஆ". எங்கள் ஏழு வயது மகள் சின்னக்குட்டி கீழே நின்று விரல்விட்டு எண்ணினாள்.

மதியம் மெயினைப் போட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் திருகைத் திருகினார்.

ஐயோ, அதை எப்படிச் சொல்ல! பன்னிரண்டும் படபடவென்று துடித்தன. அணைந்து எரிந்து, எரிந்து அணைந்து, கூடமே குலுங்கியது. சின்னக்குட்டி "ஹேய்!" என்று சோபாவில் ஏறி ஆட ஆரம்பித்துவிட்டாள். வாத்தியார் திருகை முழுசாகக் கூட்டினார், ஆடின. திருகைக் குறைத்தார், இன்னும் குஷியாக ஆடின. அவர் முகம் ஒரு நொடி தெரிந்தது, ஒரு நொடி காணாமல் போனது, தெரிந்தபோதெல்லாம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சிரிக்காத! பல்பு எல்லாம் கோளாறு!"

"பன்னெண்டுமா? அண்ணனக் கூப்பிடுங்க."

"செத்தாலும் மாட்டேன்."

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியமா, பதினாலு மாச ஆற்றாமையா, தெரியவில்லை. ஆடுகிற கூரையை வீடியோ எடுத்து, ஒரு வார்த்தை எழுதாமல் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டே நிமிடத்தில் ஃபோன் அடித்தது. "எவன்டி அதுல கை வெச்சது?" என்று கத்தினான். பதினாலு மாசம் கழித்துக் கேட்ட முதல் வார்த்தை. எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

இருபது நிமிடத்தில் கருவிப் பையோடு வந்து நின்றான். கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இரண்டடி தள்ளி நின்றவரை மட்டும் பார்க்கவில்லை.

"எத்தன வாட்டுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு."

"அஞ்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

"மொத்தம் அறுபதா? வாத்தியார் கணக்குல தப்பில்லன்னு சொல்லு. ஆனா இந்த டிம்மர் பழசு. நூறு வாட்டாவது இழுத்தாத்தான் ஒழுங்கா நிக்கும். அவர் ரொம்ப சிக்கனமா மாட்டிட்டார்."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வெளிச்சத்தில் யாரால் முறைக்க முடியும்? முறைப்பு விட்டு விட்டு வந்தது. சின்னக்குட்டி, "மாமா, இன்னொரு வாட்டி முறைங்க!" என்றாள். அண்ணனின் மீசை ஓரம் துடித்தது.

"பழைய பல்பு ஒண்ணு வேணும். எல்லாத்தையும் குப்பைல கொட்டியாச்சா?"

கொட்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். வாத்தியார் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பல்பையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, எது எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு அடுக்கியிருந்தார். அண்ணன் எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு ஏழாம் எண்ணை எடுத்துக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டு ஏறினான்.

"ஆ!"

அவன் மாட்டிய ஸ்ப்ரிங்கே அவனை அடித்துவிட்டது. வாத்தியார் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை, வெடித்துவிட்டார். "பதிமூணு!" என்று சின்னக்குட்டி கத்தினாள். அண்ணன் ஏணி உச்சியில் விரலை உதறியபடி சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. வாத்தியார் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

மெயினைப் போட்டோம். பதினொரு எல்இடியும் ஒரு ஹாலஜனும் ஆடாமல் அசையாமல் எரிந்தன.

"அம்பதும் அம்பத்தஞ்சும் நூத்தி அஞ்சு," என்றார் வாத்தியார், சொல்லாமல் இருக்க முடியாமல்.

அண்ணன் இறங்கிப் பையை மூடினான். இப்போது நேராக அவரைப் பார்த்தே பேசினான். "இது சும்மா தற்காலிகம். எல்இடிக்குன்னே டிம்மர் இருக்கு, நாளைக்கே கொண்டாந்து மாட்டிடறேன். அப்புறம் என்னோட இந்த ஒண்ணயும் கழட்டிடலாம்."

"நாளைக்கு வேணாம்," என்றார் வாத்தியார்.

அண்ணனின் கை பையிலேயே நின்றது. அடப்பாவி மனுஷா, கூடி வருகிற நேரத்தில் கெடுத்துவிட்டாயே என்று மனசுக்குள் திட்டினேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க மச்சான். சாப்பிட வாங்க. வரும்போது டிம்மர மறந்துட்டு வந்துடுங்க." ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமையும் மறந்துடுங்க."

நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் பையைத் தரையில் வைத்தான்.

"எனக்கு மறதி ரொம்ப ஜாஸ்தி மாப்ள," என்றான்.