பன்னிரண்டு மீட்டர்

"தங்கச்சி, நீ சட்டம் படிக்கிறவ. இதுல என்னதான் எழுதியிருக்கான்னு படிச்சுச் சொல்லு" என்று ஊசியின் மனைவி கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

எங்கள் சமையலறையில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அண்ணன் வாசலில் நின்றான். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஊசி செத்து மூன்று மாதம். அவனும் அண்ணனும் கப்பல் மேடையில் ஒரே ஷிப்ட். சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியில் பிடித்த கரியமில வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, அடுத்த நாட்டுக் கடலுக்கு அடியில் பாறைக்குள் இறக்கிப் புதைக்கிறார்கள். கரைக்குழாயிலிருந்து கப்பலுக்கு ரப்பர் குழாயை மாட்டுவதும் கழற்றுவதும் இவர்கள் பாடு. அன்றைக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த ரப்பர் குழாய் நடுவில் கிழிந்தது. மேடைக்குக் கீழே பள்ளத்தில் வால்வு திருகிக்கொண்டிருந்த ஊசியின் மேல் வாயு வெண்புகையாகக் கொட்டியது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தண்ணீர்போல நிரம்பும். ஒல்லியான ஆள் என்று எப்போதும் அவனையே பள்ளத்தில் இறக்குவார்கள். ஊசி என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

நான் சத்தமாகப் படித்தேன். இந்த மரணத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. கம்பெனியின் வேலையிடம் கரைக்குழாயின் முனையில் ரப்பர் குழாயை மாட்டும் வளையமான பிளேஞ்சோடு முடிகிறது. 'பிளேஞ்சைத் தாண்டிய கணமே வாயு அடுத்த நாட்டின் பொறுப்புக்குள் நுழைந்துவிடுகிறது. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று ஒன்று இல்லை.' மேற்கோளுக்கு மேலே குட்டியாக ஒரு எண். பக்கத்தின் அடியில் அந்த எண்ணைத் தேடினேன்.

"என்னடி, தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சா? படி" என்றான் அண்ணன்.

"இது நான் எழுதினது."

"எது?"

"இந்த வரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, என் கட்டுரையில. கீழ என் பேரு போட்டிருக்கான்."

எல்லை தாண்டும் கரியமில வாயுவுக்கு எந்த இடம் வரை யார் பொறுப்பு என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஐந்து வருட உழைப்பு. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. அந்த வரிதான் மூன்றாம் அத்தியாயத்தின் முதுகெலும்பு. அந்தக் கட்டுரை பரிசுகூட வாங்கியது. சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்தவன் அண்ணன்.

ஊசியின் மனைவிக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. "அந்தக் கப்பல்காரன் போன மாசமே எழுதிட்டான், தங்கச்சி. வாயு என் கப்பல் வால்வுக்கு வந்து சேரவே இல்ல, எனக்குச் சம்பந்தமில்லன்னு. இவன் என் கையைவிட்டுப் போயிடுச்சுங்கிறான். அப்ப அவரு எங்கதான் செத்தாரு?"

என் கட்டுரையில் ஒரு படம் உண்டு. இரண்டு கட்டம், நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் கப்பல். பிளேஞ்சும் கப்பல் வால்வும் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துப் போட்ட கோடு. நாற்பது ஒப்பந்தம் படித்தேன், மூன்று மொழியில் தீர்ப்பு படித்தேன். பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருந்த மேடையை ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காததைக்கூட விடலாம். அந்தக் குழாயைத் தோளில் சுமந்தவன் தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அண்ணன் வேலைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தான். கொக்கியை என் கையில் திணித்து, "அடுப்போட ஒட்டி வச்சுப் பிடி" என்றான். டேப்பை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். சமையலறை முடிந்தது, இரண்டரை. கூடம் முடிந்தது; ஏழு. செருப்பு விடும் நடை, வாசற்படி. அதற்கும் மேல் தெருவுக்கே போய்விட்டான். சைக்கிளில் வந்தவன் ஒருவன் டேப்பில் மாட்டிக்கொள்ளாமல் இறங்கி நின்று திட்டினான்.

"பன்னெண்டு மீட்டர்!" அண்ணன் தெருவிலிருந்து கத்தினான். "பிளேஞ்சுக்கும் கப்பல் வால்வுக்கும் நடுவுல இவ்வளவு குழாய்! உன் கோடு இதுதான்டி! இந்தக் கோட்டுக்குள்ளதான் அவன் செத்தான்! நாங்க அஞ்சு பேர் சேர்ந்து தூக்குற கோடு!"

அண்ணி முணுமுணுத்தாள்: "தெருவே பாக்குது."

"பாக்கட்டும். படிச்சவ வீட்ல அளக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்னு பாக்கட்டும்."

மறுநாள் நெறியாளர் அறைக்குப் போனேன். மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வைவா அடுத்த வாரம். இப்ப போய் அடித்தளத்தையே தோண்டுறேங்கிறே. முதல்ல பட்டத்தை வாங்கு. அப்புறம் நிதானமா தனிக் கட்டுரையா எழுதலாம்."

"சார், என் வரியை வச்சு ஒரு சாவை இல்லேன்னு ஆக்கியிருக்காங்க."

"தெரியும். உன் கட்டுரையை அவங்க வக்கீலுக்குக் கொடுத்ததே நான்தான்மா. நம்ம துறை வேலை நாலு பேருக்குப் பயன்படுதேன்னு சந்தோஷப்பட்டேன்."

"பயன்பட்டுது சார். நல்லாவே பயன்பட்டுது."

"உணர்ச்சிவசப்படாதே. வீட்டு விவகாரமும் ஆராய்ச்சியும் வேற வேற."

"பன்னெண்டு மீட்டர் குழாய் எந்த வீட்டு விவகாரம் சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். போகலாம் என்று அர்த்தம். அந்த மேசையில் காகிதத்தைத் தவிர எதுவும் கிடையாது. கனமான பொருளாக ஏதாவது ஒன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்வதற்கில்லை.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். வந்திருப்பவர் யாராக இருந்தாலும் கேள்வி கேட்கலாம். கேள்வியும் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். இது பல்கலைக்கழகத்தின் விதி. யாரும் வருவதில்லை என்ற தைரியத்தில் போட்ட விதி. ஊசியின் நஷ்டஈட்டு விசாரணையில் அந்தக் குறிப்பைக் காட்டலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, ஊசியின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வேலைப் பூட்ஸைக் கழற்றாமல் வந்திருந்தான்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதான அம்மாள். ஆய்வேட்டை வரி விடாமல் படித்திருந்தார். "உங்கள் முக்கியமான முடிவு என்ன?" என்று ஆரம்பித்தார்.

"மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கு, அம்மா. அது தப்பு."

நெறியாளரின் பேனா நின்றது. "அவள் சொல்ல வருவது, அதற்கும் சில வரம்புகள் உண்டு என்று..."

"வரம்பு இல்ல சார். தப்பு."

அப்போது ஊசியின் மனைவி எழுந்தாள். எழுதி வைத்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் விழுந்த இடம் எந்த நாடு?"

"இது ஆய்வு சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. தயவுசெய்து உட்காருங்கள்" என்றார் நெறியாளர்.

"ஆய்வே அதைப் பற்றித்தானே?" என்றார் தேர்வாளர் அம்மாள். "பதில் சொல்லட்டும்."

சொன்னேன். கரைக் கம்பெனி மாட்டி, கரைக் கம்பெனி ஆட்கள் பிடித்து, கரைக் கம்பெனி அழுத்தம் கொடுத்துத் தள்ளும் குழாய் அது. மறுமுனையில் கப்பல் வால்வுக்குள் போய்ச் சேரும்வரை உள்ளே இருக்கும் வாயு அனுப்பியவருடையது. இறந்தவர் இந்த நாட்டில், அவருடைய வேலையிடத்தில் இறந்தார். பிளேஞ்சோடு பொறுப்பு முடிகிறது என்று நான் எழுதியது தவறு. இடத்தைப் பார்க்காமல் எழுதியது. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

"முதுகெலும்பை உருவிவிட்டு உடம்பு நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா?" என்று தேர்வாளர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"நிக்காது, அம்மா."

பத்து நிமிடம் வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு முடிவைச் சொன்னார்கள்: இப்போது பட்டம் இல்லை. ஓராண்டுக்குள் திருத்தி மறுபடியும் சமர்ப்பிக்க வேண்டும். நெறியாளர் என்னைத் தாண்டிப் போகும்போது, "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டே" என்றார். அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தான். அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். தேர்வை நடத்தியவர் அவர்; குறிப்பில் அவருடைய கையெழுத்து எங்களுக்கு வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் எழுத்தர், அவர் கையெழுத்திட்ட குறிப்பின் நகல் தபாலில் வரும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

"விசாரணை நாளைக்கு மறுநாள். இங்கேயே உக்காந்திருக்கோம்" என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டான். எழுத்தர் அவன் பூட்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நகல் இயந்திரத்தைப் போட்டார்.

ஊசியின் மனைவி தாளை வாங்கி விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். என் பதில் சொல்லுக்குச் சொல் இருந்தது. அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"'பார்வையாளர் ஒருவர் கேட்டது'ன்னு போட்டிருக்கீங்க. யாரு பார்வையாளர்?"

"கேள்வி கேக்கிறவங்களை அப்படித்தான்மா எழுதுவோம். படிவம் அப்படி."

"நான் வேடிக்கை பாக்கவா வந்தேன்? செத்தவரோட பொண்டாட்டின்னு எழுதுங்க."

"அடிச்சு எழுதினா, நடத்தினவர் பக்கத்திலேயே கையெழுத்துப் போடணும். சார் கோபமா வேற போயிருக்காரு. விடுங்கம்மா, ஒரு வார்த்தைதானே."

"ஒரு வரியால நாங்க பட்டது போதும்" என்றாள் அவள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

எழுத்தரின் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூலப் பிரதியில் அந்த வார்த்தையை அடித்தேன். மேலே எழுதினேன்: இறந்தவரின் மனைவி. எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவரு எங்க இருப்பாரு?" என்று கேட்டான் அண்ணன்.

"ரெண்டாவது மாடி. கடைசி அறை. கதவைத் தட்டிட்டுப் போங்க" என்றார் எழுத்தர்.

ஊசியின் மனைவி தாளை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். கடைசி அறைக் கதவைத் திறந்தாள். தட்டவில்லை.